விபத்து என்று எழுதி மூடப்படும் வேட்டை

துப்பறியும் கதைகள் வழக்கமாக எழுப்பும் முதல் இரண்டு கேள்விகளும், வேட்டைக்குப் போன இடத்தில் நேர்ந்த மரணத்தின் முன்னால் செல்லாக்காசாகிவிடுகின்றன. கொலைக்கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாது. எல்லோர் தோளிலும் உரிமம் பெற்ற துப்பாக்கி தொங்குகிறது. அந்த நேரத்தில் அந்தக் காட்டில் உனக்கு என்ன வேலை என்றும் கேட்க முடியாது. விடிவதற்கு முன்பே எழுந்து, ஊரறியப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். சுட்டவன் மனத்தில் என்ன இருந்தது என்ற ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது, அதற்கு விடை தெரிந்தவனும் அவன் ஒருவனே. நான் சில காலமாக எழுதிவரும் மர்ம நாவலுக்கு வேட்டைப் பயணத்தைக் களமாக எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். எழுதத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் விளங்கியது. இத்தகைய கதையில் யார் சுட்டார் என்பதைவிட, அதை விபத்து என்று சொல்ல யார் யாரெல்லாம் சம்மதித்தார்கள் என்பதுதான் பெரிய மர்மம். அந்தச் சம்மதம் ஒரு சிறிய ஊரில் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியே இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன்.

இந்த வகைக் கதைக்கு வரலாற்றிலேயே ஒரு மூத்த முன்மாதிரி உண்டு. 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், இங்கிலாந்தின் மன்னன் இரண்டாம் வில்லியம், நியூ ஃபாரஸ்ட் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது மார்பில் அம்பு பாய்ந்து இறந்தான். அம்பை எய்தவர் என்று பெரும்பாலோர் கை நீட்டியது வால்டர் டிரெல் என்ற பிரபுவை. அவர் உடனே பிரான்சுக்குப் போய்விட்டார். மன்னனின் தம்பி ஹென்றியும் அன்று அந்தக் காட்டில் வேட்டைக்கு வந்திருந்தவன்தான். அவன் அண்ணனின் உடலருகே நிற்காமல், அரசுக் கருவூலம் இருந்த வின்செஸ்டர் நகரத்துக்குக் குதிரையை விரட்டினான். மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 5 அன்று, முடிசூடிக்கொண்டான். மன்னனின் உடலை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அந்தப் பகுதியின் நாட்டுப்புறத்து மக்கள் என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அன்று காட்டின் அந்தப் பகுதிக்கே தாம் போகவில்லை என்று பிற்காலத்தில் டிரெல் ஆணையிட்டுச் சொன்னதை, பிரெஞ்சு மடாதிபதி சூஜே எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் இது கொலை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் இதிலுள்ள சுவை. அதே காட்டில், அதே ஆண்டு மே மாதத்தில், மன்னனின் அண்ணன் மகன் ஒருவனும் வேட்டையில் அடிபட்டு இறந்திருந்தான். ஆகவே விபத்து என்ற சொல்லை நம்புவதற்கு ஆட்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள். என் நாவலுக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அம்பையோ அரசியலையோ அல்ல. நம்பும்படியான ஒரு விபத்து முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

நம் பக்கத்துக் கதையில் தசரதனின் வேட்டை இதற்கு நேர்மாறானது. இருட்டில் சரயு ஆற்றங்கரையில் குடத்தில் நீர் நிறையும் ஒலியைக் கேட்டு, யானை நீர் அருந்துகிறது என்று எண்ணி, ஒலி வந்த திசைக்கு அவன் அம்பு விடுகிறான். பார்வையற்ற பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த இளைஞன் வீழ்கிறான். அது உண்மையிலேயே விபத்துதான். ஆனால் மகன் காட்டுக்குப் போன பிறகு, தன் உயிர் பிரியவிருக்கும் இரவில், கோசலையிடம்தான் தசரதன் அந்தக் கதையைச் சொல்கிறான். இத்தனை ஆண்டுகள் அரசாண்டவன், பிள்ளை வேண்டி வேள்வி செய்தவன், புத்திர சோகத்தால் இறப்பாய் என்ற சாபத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே இவற்றையெல்லாம் செய்திருக்கிறான் என்பது அந்த இடத்தில்தான் நமக்கு உறைக்கிறது. இரகசியத்தை எந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்பதில் இதைவிட நல்ல பாடம் மர்மக்கதை எழுதுகிறவனுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன். கொலையாளி கொலையை மறைக்கிறான் என்பது பழகிப்போன செய்தி. விபத்தைச் செய்தவன் அதை ஏன் மறைத்தான் என்பது அதைவிட ஆழமான கேள்வி.

ஊர் எப்படிச் சம்மதிக்கிறது என்பதற்கு, நான் குறிப்பேட்டில் முதலில் எழுதிக்கொண்டது மெய்ன் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சியை. 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள அந்த மாநிலத்தின் ஹெர்மன் என்ற ஊரில், மான் வேட்டைக்காலத்தின்போது, ஓர் இளம் தாய் தன் வீட்டின் பின்புறத்தில் நின்றுகொண்டிருந்தபோது வேட்டைக்காரர் ஒருவர் சுட்ட குண்டு பட்டு இறந்தார். அவர் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். அப்பகுதி மான்களின் வாலடி வெள்ளையாக இருக்கும். அந்த வெண்மையை மான் என்று எண்ணிச் சுட்டதாக விளக்கம் தரப்பட்டது. இறந்தவர் அந்த மாநிலத்துக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சுட்டவர் உள்ளூர்க்காரர், பலருக்கும் வேண்டியவர். வேட்டைக்காலத்தில் வெள்ளைக் கையுறையோடு வெளியே வரலாமா என்று இறந்தவரையே குறை சொல்லும் குரல்கள் அங்கே எழுந்தன. வழக்கு நடத்தும் அளவுக்குக் குற்றம் உண்டா என்று பார்க்கும் முதல் நடுவர் குழு இல்லை என்றது. இரண்டாவது குழு உண்டு என்றது. 1990இல் விசாரணை நடந்து, அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பானது. பிறகு, இலக்கு இன்னதென்று உறுதியாக அடையாளம் காணாமல் சுடுவது குற்றம் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

இதில் சதி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் இரவில் கூடிப் பேசவில்லை, யாரும் சாட்சியை மிரட்டவில்லை. தெரிந்தவர் பக்கம் இயல்பாகச் சாயும் மனம் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே வேலை செய்தது, அவ்வளவுதான். சிற்றூர் மர்மக்கதைகளில் பாதிக்கு மேல் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊர்ப் பெரியவர்கள் இருட்டறையில் கூடிச் சத்தியம் செய்துகொள்ளும் காட்சியை எழுதிவிடுகிறார்கள். அப்படிக் கூட வேண்டிய தேவையே ஊருக்கு இல்லை. கேள்வி கேட்காமல் இருப்பதற்குக் கூட்டம் எதற்கு?

இனி என் கதைக்கு வருகிறேன். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. காட்டை ஒட்டிய ஊர். வேட்டைக்காலத்தில் உரிமம் வாங்கி வேட்டையாடலாம். அந்த ஊரின் பெரும்பாலான வீடுகள், இரண்டு தலைமுறைக்கு முன்பு ஒரு போலிப் பத்திரத்தின் மூலம் கைமாறிய நிலத்தின்மீது நிற்கின்றன. உண்மையான பத்திரம் வைத்திருந்த குடும்பம் வெளியூருக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்து இளைஞன் ஒருவன் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, எல்லோரிடமும் நட்பாகப் பழகி, வேட்டைக்கும் உடன் போகிறான், அங்கே இறக்கிறான். கொல்ல வேண்டிய காரணம் ஒருவனுக்கு மட்டும் இருந்தால் அவனைத் தேடிப் பிடித்துவிடலாம். ஊரில் பட்டா வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தக் காரணம் இருந்தால், விசாரிக்க வருகிறவர் தங்கியிருக்கும் வீடும் அதே நிலத்தில்தான் நிற்கும்.

சிறிய ஊரின் இன்னொரு இயல்பையும் நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். அங்கே ஒருவருக்கு ஒரே வேலை இருப்பதில்லை. அமெரிக்காவின் பல மாவட்டங்களில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி தேர்தலில் வாக்குப் பெற்று வருகிறவர். பல இடங்களில் அவர் மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இறுதிச்சடங்கு நிலையம் நடத்துகிறவரே அந்தப் பதவியில் இருப்பதும் உண்டு. 1194இல் இங்கிலாந்தில் மன்னனின் வருவாயைக் காப்பதற்காக உருவாக்கப்பட்ட பதவி அது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் தொடக்கமே மரணத்தைவிடக் கணக்கைப் பற்றியதாக இருந்திருக்கிறது. என் நாவலிலும் அந்த அதிகாரி வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டியவர். அவர் கெட்டவர் அல்லர். விபத்து, கொலை, தற்கொலை, இயற்கை, தீர்மானிக்க இயலவில்லை என்ற ஐந்து கட்டங்கள் உள்ள படிவத்தில், எதில் குறியிட்டால் அடுத்த தேர்தலில் யார் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

மரணம் நிகழும் விதத்தைத் தீர்மானிப்பதில்தான் எனக்கு அதிக நாட்கள் ஆயின. சிதறு ரவைத் துப்பாக்கியை முதலிலேயே ஒதுக்கினேன். அதன் ரவைகள் குழலை விட்டு வெளியேறியதும் விரியத் தொடங்கி, தோராயமாக ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் பரவும் என்பது வேட்டைக்காரர்களின் பொதுக் கணக்கு. ஆகவே உடலில் ரவை பட்ட பரப்பே சுட்ட தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ரைஃபிள் எனப்படும் புரிகுழல் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. குழல்வாயின் புகைக்கரியும் வெடிமருந்துத் துகள்களும் மிக அருகில் இருந்து சுட்டால்தான் தோலில் படியும். சில மீட்டர் தள்ளிவிட்டால், 20 மீட்டருக்கும் 250 மீட்டருக்கும் காயத்தை மட்டும் பார்த்து வேறுபாடு சொல்வது கடினம். வேட்டைக்கான குண்டுகள் உடலுக்குள் விரிந்து சிதையும்படி செய்யப்படுபவை என்பதால், குழலின் புரித்தடங்களை ஒப்பிட்டு இந்தத் துப்பாக்கிதான் என்று நிறுவ முடியாமல் போவதும் உண்டு.

என் கதையில், வேட்டைக்கு உடன் வந்த ஊர் மரக்கடைக்காரர் அந்த இடத்திலேயே மண்டியிட்டு, நான்தான் சுட்டேன், புதர் அசைந்தது, மான் என்று நினைத்தேன் என்று அழுகிறார். அவர் நின்றதாகச் சொல்லும் இடம் இறந்தவனிடமிருந்து 20 மீட்டர்கூட இல்லை. உண்மையில் குண்டு வந்தது எதிர்ச்சரிவில் 250 மீட்டர் தொலைவில், வேட்டைக்கு வந்தவர்கள் பட்டியலிலேயே இல்லாத ஒருவரிடமிருந்து. மரக்கடைக்காரர் பழியை ஏற்றுக்கொள்கிறார். தவறுதலாகச் சுட்டதற்கு ஊர் அவரை மன்னித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். முன்பொரு வேட்டைக்காலத்தில் இன்னொருவரை அந்த ஊர் மன்னித்திருக்கிறது.

தொலைவுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி ஒலிதான். புரிகுழல் துப்பாக்கியின் குண்டு ஒலியைவிட இருமடங்குக்கும் அதிகமான வேகத்தில் போகும். 250 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெடிச்சத்தத்துக்கோ ஏறத்தாழ முக்கால் விநாடி பிடிக்கும். ஆகவே குண்டு பாயும் இடத்தருகே நிற்பவன் இரண்டு ஒலிகளைக் கேட்பான்: காற்றைக் கிழித்துவரும் குண்டின் அதிர்வலை சாட்டை சொடுக்கியதுபோல முதலில் கேட்கும், அதன்பின் அரை விநாடிக்கும் சற்றுக் குறைவான நேரத்தில் துப்பாக்கியின் மந்தமான முழக்கம் வந்து சேரும். பக்கத்தில் நின்று சுட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். மலையில் எதிரொலி கேட்குமே என்று ஒருவர் மறுக்கலாம். எதிரொலியில் முதல் ஓசைதான் பெரிதாக இருக்கும், இரண்டாவது அதன் மங்கிய நகல். இதிலோ இரண்டு ஓசைகளும் வெவ்வேறு குணம் கொண்டவை.

அந்த இரண்டு ஓசைகளையும் கேட்டவன், முதன்முறையாக வேட்டைக்கு அழைத்துவரப்பட்ட 15 வயதுப் பையன். அவனிடம் வாக்குமூலம் எழுதிக்கொள்ளும் எழுத்தர் அவனுக்குத் தூரத்து மாமா. நாவலிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பையன் கைகளை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு, சுளீர் என்று ஒரு சத்தம், அண்ணன் விழுந்தார், அப்புறம் தூரத்தில் டம் என்று ஒரு சத்தம் என்கிறான். எழுத்தர் பேனாவை நிறுத்துகிறார்.

“எத்தனை தடவைடா சுட்டாங்க?”

“ஒரு தடவைதான் மாமா.”

“அப்போ சத்தம் மட்டும் எப்படி ரெண்டு வரும்?”

பையன் யோசிக்கிறான். பதில் இல்லை. எழுத்தர் கோபப்படவும் இல்லை, வெந்நீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, “துப்பாக்கி சுடும் சத்தம் கேட்டது, உடனே அவர் கீழே விழுந்தார்” என்று திருத்தமான கையெழுத்தில் எழுதி, படித்துக்காட்டி, கையொப்பம் வாங்கிக்கொள்கிறார். அவருக்கு எந்த இரகசியமும் தெரியாது. குழம்பிப்போன சிறுவனின் பேச்சை ஒழுங்குபடுத்திக் கொடுத்ததாகவே அவர் நினைக்கிறார், பையனும் அப்படியே நினைத்து நன்றி சொல்கிறான். ஊரின் சம்மதம் கொலையாளியின் வீட்டில் உருவாகிறது என்பதைவிட, இந்த மேசையின்மீது உருவாகிறது என்பதே எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது.

வேட்டைப் பின்னணியில் வரும் மர்மக்கதைகளைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பூட்டும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பனிப்புயல் வந்து பாதையை மூடுவதும், கைப்பேசியில் சிக்னல் இல்லாமல் போவதும், பெருநகரத்திலிருந்து மனக்காயத்தோடு வரும் அதிகாரியும் போதும் போதும் என்றாகிவிட்டன. இறந்த உடலைப் பத்து மணி நேரம் கழித்து வேறிடத்துக்கு மாற்றிப் புரட்டிப்போட்டுவிட்டு, யாருக்கும் தெரியவில்லை என்று எழுதுவது அதைவிட மோசம். இறந்த பின் இரத்தம் உடலின் கீழ்ப்பகுதியில் தேங்கி ஏற்படுத்தும் நிறமாற்றம் சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும் என்பதால், புரட்டிப்போட்ட உடல் பார்த்த மாத்திரத்திலேயே பேசிவிடும். அந்திப்பொழுதில் தொலைவிலிருந்து சிவப்புத் தொப்பியைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் சாட்சியையும் நான் நம்புவதில்லை. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்கிக் கறுப்பது சிவப்புதான். செக் நாட்டு அறிஞர் புர்கின்யேவின் பெயரால் அது அறியப்படுகிறது. வேட்டைக்காரர்கள் அணியும் ஒளிரும் ஆரஞ்சு மேலாடைக்கும் ஒரு கணக்கு உண்டு. மானின் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை என்பதால் அதற்கு ஆரஞ்சு தனித்துத் தெரியாது. மனிதனுக்கோ பளிச்சென்று தெரியும். ஆரஞ்சு அணிந்தவனை மான் என்று நினைத்தேன் என்று ஒருவர் சொன்னால் ஐயம் தானாக எழும். என் கதையில் இறந்தவனின் மேலாடை உடலின் மீது இல்லாமல் பக்கத்துக் கிளையில் மடித்துத் தொங்குவது இதற்காகத்தான். அதை அவனே கழற்றினானா என்பது பின்பாதியில் வரும்.

பாதிக்கப்பட்டவரே மன்னிப்புக் கேட்கும் விந்தையும் இந்த உலகில் நடக்கும். 2006 பிப்ரவரி 11 அன்று, அப்போதைய அமெரிக்கத் துணைத் தலைவர் டிக் சேனி, டெக்சாஸ் பண்ணை ஒன்றில் காடை வேட்டையின்போது உடன் வந்த வழக்கறிஞரைத் தவறுதலாகச் சுட்டுவிட்டார். 78 வயதான அவரின் முகத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. செய்தி வெளியே வந்தது மறுநாள்தான், அதுவும் உள்ளூர் நாளிதழ் வழியாக. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த வழக்கறிஞர், துணைத் தலைவரும் அவர் குடும்பத்தாரும் அந்த வாரம் பட்ட துன்பங்களுக்காகத் தாம் மிகவும் வருந்துவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறாய் என்று முதல் வாசகரே அடித்துத் தள்ளியிருப்பார். என் நாவலில் இறந்த இளைஞனின் தாய், அழுதுகொண்டிருக்கும் மரக்கடைக்காரரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும் காட்சியைத் துணிந்து எழுத முடிந்தது இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான்.

இரகசியம் உடையும் இடத்தையும் ஒலியை வைத்தே அமைத்திருக்கிறேன். பையன் வளர்ந்து இராணுவத்தில் சேர்கிறான். சுடுபயிற்சித் திடலில், இலக்குகளுக்குக் கீழே உள்ள குழியில் நிற்கும்போது, தலைக்கு மேல் சுளீரென்ற ஓசையும் அதன்பின் முழக்கமும் கேட்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துச் சுட்டவனின் தொலைவைக் கணிப்பது எப்படி என்று பயிற்சியாளர் விளக்குகிறார்; ஒரு தோட்டாவுக்கு இரண்டு சத்தம் என்பதைப் பாடமாகவே கேட்கிறான். விடுப்பில் ஊருக்கு வந்து, பழைய வாக்குமூலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓய்வுபெற்றுவிட்ட மாமாவிடம் கேட்கிறான். அவன் தன் பெற்றோர் வாழும் வீட்டின் நிலத்தையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது, மாமாவுக்குத் தெரியும்.

அந்த அத்தியாயத்தை யார் பார்வையில் எழுதுவது என்பதில் சில வாரங்கள் தடுமாறினேன். பையன் பார்வையில் எழுதினால் கோபம் முன்னால் வந்து நிற்கிறது. கோபத்துக்கு அவன் பக்கம் எல்லா நியாயமும் இருப்பதால் காட்சி எளிதாகிவிடுகிறது. எழுத்தர் பார்வையில் எழுதும்போது, யாருக்கும் தீங்கு நினைக்காத ஒரு மனிதர், தம் கையாலேயே எழுதிய ஒரு வரியை முதன்முறையாக வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. கொலையாளி மறுத்துவிடலாம், அதிகாரி படிவத்தைக் காட்டலாம், மரக்கடைக்காரர் இறந்தேபோயிருக்கலாம். அந்தக் கையெழுத்து தம்முடையது அல்ல என்று இவரால் மட்டும் சொல்ல முடியாது. ஆகவே அத்தியாயம் அவருடையதாகவே இருக்கும். மூல வாக்குமூலத்தின் நகலை அவர் பையனிடம் கொடுக்கிறாரா இல்லையா என்பதையும், கொடுத்தால் எந்தக் குறிப்போடு கொடுக்கிறார் என்பதையும் அடுத்த வாரம் எழுதத் தொடங்குகிறேன்.